புல்லட்டில் போகிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு?

2025ஆம் வருஷம் பிப்ரவரி 12ஆம் தேதி, நமது சிவகங்கை ஜில்லாவில், மானாமதுரைப் பக்கம் மேலப்பிடாவூரில், ஒரு தலித் கல்லூரி மாணவர் தம்முடைய புல்லட் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக் கொண்டிருந்தார். அவரை மறித்து இரண்டு கைகளிலும் வெட்டினார்கள். "நீ எப்படிடா புல்லட் ஓட்டலாம்?" என்று ஜாதிப் பெயரைச் சொல்லிக் கேட்டு வெட்டினார்கள் என்பது புகார். மூன்று பேர் கைதானார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாயிற்று. வெட்டுப்பட்ட வாலிபர் மதுரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார். வழக்கின் முடிவைக் கோர்ட்டு சொல்லட்டும். ஆனால், ஒரு கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை நல்ல வண்டியில் ஏறினால் ஊரில் சிலருக்குக் கண் சிவக்கிறது என்பதைச் சொல்ல நமக்குக் கோர்ட்டு வேண்டியதில்லை. காரைக்குடியிலிருந்து மானாமதுரை வரை ஒவ்வொரு ஊர் டீக்கடை பெஞ்சும் அதைச் சொல்லும்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நமது வாலிபத் தோழர்கள் பலர் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். புதுவயல் அரிசி ஆலைகளில் ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். கல்லல், தேவகோட்டை, காளையார்கோவில் பக்கத்து வயல் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். "அவன் அரிவாளோடு வந்தால் நாங்கள் கைவீசிக் கொண்டு நிற்பதா? லைசென்ஸ் வாங்கி இடுப்பில் ஒரு துப்பாக்கியைச் செருகிக் கொண்டு வண்டி ஓட்டினால் எவன் கிட்டே வருவான்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

கோபம் நியாயமானது. கேள்வியும் தட்டிக் கழிக்கக் கூடியது அல்ல. "சாந்தமாக இருங்கள், எல்லாம் சர்க்கார் பார்த்துக் கொள்ளும்" என்று உபதேசம் செய்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல நாம். ஆகவே இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக் கொண்டு, சட்டம் என்ன, அனுபவம் என்ன, தொழிலாளி வர்க்கத்துக்கு லாபம் எது, நஷ்டம் எது என்று கணக்குப் பார்ப்போம்.

துப்பாக்கியும் மோட்டார் சைக்கிளும்

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். புல்லட் என்றால் துப்பாக்கிக் குண்டு. இங்கிலாந்தில் ராயல் என்பீல்டு கம்பெனி, அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப் பாகம் செய்து கொடுத்த தொடர்பினால்தான் என்பீல்டு என்ற பெயரையே பெற்றது. "துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது" என்பதே அந்தக் கம்பெனியின் விளம்பர வாசகம். 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் இந்த வண்டி உருவாயிற்று. முதலில் ராணுவத்துக்கும் போலீசுக்கும் போயிற்று. பிறகு மிராசுதாருக்கும் காண்டிராக்டருக்கும் போயிற்று. "டுபுடுபு" என்று அது ஊருக்குள் வந்தால், திண்ணையில் இருந்தவன் எழுந்து நிற்க வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது.

அந்த வண்டியை உருக்கி, வார்த்து, முறுக்கி, பூட்டியவர்கள் யார்? தொழிலாளிகள். அதை ஒரு தொழிலாளியின் மகன் மாதத் தவணையில் வாங்கி ஓட்டினால் மட்டும் உலகம் தலைகீழாகி விடுமாம்! அன்று தோளில் துண்டு போடாதே என்றார்கள். காலில் செருப்புப் போடாதே என்றார்கள். எங்கள் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக் கொண்டு போ என்றார்கள். இன்று புல்லட்டில் ஏறாதே என்கிறார்கள். வண்டி மாறியிருக்கிறது, ஆணவம் மாறவில்லை.

ஏன் மாறவில்லை? பக்கத்து வயலில் தன்னிடம் கூலிக்கு நின்றவன் இனி நிற்க மாட்டான் என்ற பயந்தான் காரணம். பிள்ளை கல்லூரிக்குப் போகிறான், வண்டி வாங்குகிறான், நாளைக்கு வேறு வேலைக்குப் போய்விடுவான். அப்புறம் அரைக் கூலிக்கு ஆள் எங்கே கிடைக்கும்? ஜாதி ஆணவத்தின் வேரைத் தோண்டினால் கூலிக் கணக்கு தட்டுப்படும்.

ஆயுதம் யாரிடம் இருந்தது?

நமது சீமையின் சரித்திரம் இந்த விஷயத்தில் பெரிய பாடம் சொல்கிறது. மருது சகோதரர்கள் 1801 ஜூன் மாதம் திருச்சியில் ஒட்டிய பிரகடனம், ஜாதி பேதம் பாராமல் வெள்ளையனை எதிர்த்து எழுங்கள் என்று ஜனங்களைக் கூப்பிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் அவர்களைத் தூக்கிலிட்டார்கள். அதன் பிறகு கும்பினியார் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பாளையச் சீமை ஜனங்களிடமிருந்து வேல், வாள், துப்பாக்கி எல்லாவற்றையும் பறித்ததாகும். குடியானவன் கையில் ஆயுதம் இருக்கலாகாது என்று சட்டம் போட்டு விட்டு, தங்களுக்குக் காலில் விழுந்தவர்களை ஜமீன்களில் உட்கார வைத்தார்கள்.

1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இதை இந்தியா முழுவதுக்கும் விரித்தது. வெள்ளைக்காரனுக்கு லைசென்ஸ் வேண்டாம், இந்தியனுக்கு வேண்டும். அந்த லைசென்சும் விசுவாசமுள்ள பெரிய மனிதர்களுக்கே கிடைத்தது. இந்த அவமானத்தை எதிர்த்துத்தான் 1931இல் கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், சட்டதிட்டங்களுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக் கொள்ளும் உரிமையும் இடம் பெற்றது. சுதந்திரம் வந்தது. 1950இல் அரசியல் சட்டமும் வந்தது. அந்த உரிமை மட்டும் அதில் ஏறவில்லை. 1959இல் புதிய ஆயுதச் சட்டம் செய்தார்கள். லைசென்ஸ் முறை அப்படியே நின்றது.

இந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் ஒரு நல்ல வாசகம் இருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்பது அது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறை என்ன? மனுவைக் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். போலீஸ் அறிக்கை வர வேண்டும். 2016 விதிகளின்படி துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிக்குச் சான்று காட்ட வேண்டும். வீட்டில் அதைப் பத்திரமாகப் பூட்டி வைக்க வசதி இருக்க வேண்டும். ஓலைக் குடிசையில் எங்கே பூட்டி வைப்பது? இத்தனையும் தாண்டினால் துப்பாக்கியின் விலை நிற்கிறது. சர்க்கார் தொழிற்சாலையில் செய்த சாதாரணக் கைத்துப்பாக்கியே ஒரு லட்சம் ரூபாய் அளவில் ஆகிறது. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். கணக்குப் போடுங்கள். ஒரு காசு செலவழிக்காமல், கஞ்சி குடிக்காமல், ஏறத்தாழ 298 நாள் உழைத்தால் ஒரு துப்பாக்கி! நூறு நாள் வேலையில் அது மூன்று வருஷக் கூலி.

ஆகவே, சட்டத்தின் எழுத்தில் சொத்து கேட்கவில்லை. சட்டத்தின் நடப்பில் சொத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

இடுப்பில் இருந்தால் உயிர் பிழைக்குமா?

சரி, எப்படியோ பணம் புரட்டி, எப்படியோ லைசென்சும் வாங்கி விட்டான் என்றே வைத்துக் கொள்வோம். மோட்டார் சைக்கிளில் எப்படிக் கொண்டு போவது? 2016 ஆயுத விதிகள் இதற்கு வழி சொல்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு, முழுக்க மூடி, தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டுவதும், பொது இடத்தில் சுடுவதும் தடை. கல்யாணத்திலும் திருவிழாவிலும் சந்தோஷத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், 2019 திருத்தத்தின்படி இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இனி வண்டியில் ஏறிப் பாருங்கள். வலது கை ஆக்சிலேட்டரிலும் பிரேக்கிலும் இருக்கிறது. இடது கை கிளட்சில் இருக்கிறது. கண் ரோட்டில் இருக்கிறது. வெட்ட வருகிறவன் முன்கூட்டிச் சீட்டு எழுதிப் போட்டு விட்டு வருவதில்லை. கண்மாய்க் கரைத் திருப்பத்தில், கருவேலங்காட்டு மறைவில், பின்னாலிருந்து வருகிறான். மூடிய உறையைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, குறி பார்ப்பதற்குள் அரிவாள் இறங்கி விடும். வண்டி சறுக்கி விழுந்தாலோ, குண்டு போட்ட துப்பாக்கி இடுப்பிலேயே எமனாக இருக்கும். இவனிடம் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால், அதைப் பறிப்பதற்கென்றே ஒரு கூட்டம் வரும்.

இது வெறும் யூகம் அல்ல. 2024 ஜூலை 5ஆம் தேதி சென்னை பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை, மோட்டார் சைக்கிள்களில் வந்த ஒரு கும்பல் வெட்டிக் கொன்றது. அவர்களில் சிலர் உணவு கொண்டு வருகிற ஆட்களைப் போல் உடை போட்டிருந்தார்கள். ஆம்ஸ்ட்ராங் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தவர். பார்லிமெண்ட் தேர்தலுக்காக ஒப்படைத்த துப்பாக்கியைத் திரும்பவும் பெற்றுக் கொண்டிருந்தார் என்று போலீஸ் கமிஷனரே சொன்னார். பெயர் பெற்ற தலைவர், ஆள் பலம் உள்ளவர், துப்பாக்கியும் உள்ளவர். திடீரென்று பாய்ந்த அரிவாளுக்கு முன்னால் அந்தத் துப்பாக்கி உதவவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். துப்பாக்கியும் மோட்டார் சைக்கிளும் ஒன்று சேர்ந்து இந்த நாட்டில் யாரைக் கொன்றன? 2013 ஆகஸ்டு 20இல் புனாவில், மூடநம்பிக்கையை எதிர்த்த டாக்டர் நரேந்திர தபோல்கரை. 2015 பிப்ரவரி 16இல் கோலாப்பூரில், உழைப்பாளி மக்களின் தலைவர் தோழர் கோவிந்த் பன்சாரேயை. காலையில் மனைவியோடு உலாவி விட்டுத் திரும்பும் போது சுட்டார்கள்; நான்கு நாளில் உயிர் பிரிந்தது. 2015 ஆகஸ்டு 30இல் தார்வாரில் பேராசிரியர் கல்புர்கியை. 2017 செப்டம்பர் 5இல் பெங்களூரில் பத்திரிகை ஆசிரியை கௌரி லங்கேஷை. எல்லாவற்றிலும் கொலையாளிகள் வந்தது மோட்டார் சைக்கிளில். தபோல்கர் வழக்கில் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2024 மே மாதம் வரை ஆயிற்று. சுட்டவனுக்கு வண்டி ஓடித் தப்புவதற்குப் பயன்பட்டது. பட்டவர்களுக்கு, இடுப்பில் துப்பாக்கி இருந்திருந்தாலும் அதை நினைக்கக் கூட நேரம் இருந்திருக்காது.

அமெரிக்காவைப் பாருங்கள் என்பார்கள். அங்கே துப்பாக்கி வாங்குவது சுலபம். பாதுகாப்பு எப்படி இருக்கிறது? 2023ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் துப்பாக்கியால் ஏறக்குறைய 46,700 பேர் செத்தார்கள். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. கடனும், வேலையில்லாத் திண்டாட்டமும், குடும்பச் சண்டையும் உள்ள வீட்டில் ஒரு துப்பாக்கியை வைத்தால், அது முதலில் யார் பக்கம் திரும்பும்? கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கிற நமது வீடுகளை நினைத்துப் பார்த்து இதற்குப் பதில் சொல்லுங்கள்.

வெண்மணி சொல்லும் சாட்சி

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. துப்பாக்கி வெடித்த பிறகு என்ன நடக்கும்?

1968 டிசம்பர் 25 இரவு. தஞ்சை ஜில்லா கீழவெண்மணி. கூடுதல் கூலியாகக் கொஞ்சம் நெல் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தை விட மாட்டோம் என்றார்கள் என்பதற்காக, மிராசுதார் கூட்டம் துப்பாக்கிகளோடும் அரிவாள்களோடும் வந்தது. ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், தீயில் வெந்து செத்தார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் மற்றவர்களுக்கும் கீழ்க்கோர்ட்டு பத்து வருஷத் தண்டனை போட்டது. 1973இல் சென்னை ஐகோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற அளவுக்குப் பணக்காரர்கள், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று தீர்ப்பில் எழுதப்பட்டது. அதே இரவில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கிலோ, விவசாயத் தொழிலாளிகள் ஜெயிலுக்குப் போனார்கள்.

நண்பர்களே, இதுதான் பாடம். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது கோர்ட்டு வாசலிலும் பொருந்தும். கார் வைத்திருப்பவனுக்கு அவனுடைய காரே சாட்சி சொல்லி விடுவிக்கிறது. உன்னுடைய புல்லட்டும் துப்பாக்கியும் உனக்கு எதிராகவே சாட்சி சொல்லும். தற்காப்புக்குச் சுட்டேன் என்று நீ சொல்வாய். அதைச் சட்டமும் ஒப்புக் கொள்ளும். ஆனால் நிரூபிப்பதற்குள் உன் அப்பன் வீடு வாசலை விற்றிருப்பான். லைசென்ஸ் இல்லாத கள்ளத் துப்பாக்கி என்றாலோ கேட்கவே வேண்டாம். வைத்திருந்ததற்கே குறைந்தது இரண்டு வருஷம், ஐந்து வருஷம் வரை ஜெயில். வெட்டியவன் ஜாமீனில் வெளியே வந்து டீ குடிப்பான். வெட்டுப்பட்டவன் உள்ளே இருப்பான்.

சிலர் சொல்லக் கூடும்: கோபாலகிருஷ்ண நாயுடுவையும் 1980இல் கொன்றார்களே என்று. ஆம், கொன்றார்கள். அதனால் எந்த வயலில் கூலி ஒரு படி ஏறிற்று? ஏறியது எதனால் என்றால், வெண்மணிக்குப் பிறகும் சங்கம் கலையாமல் நின்றதனால். வெண்மணித் தீயின் வெளிச்சத்தில் நாடு முழுவதும் எழுந்த கண்டனத்தினால்தான் கணபதியா பிள்ளை கமிஷன் அமைந்தது. 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

சட்டப் புத்தகத்தில் தூங்கும் விதி

இப்போது நமது வாலிபர்கள் வைக்கிற மிகப் பலமான வாதத்துக்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995 என்று ஒன்று இருக்கிறது. அதன் மூன்றாவது விதி, வன்கொடுமை நடக்கக் கூடிய பகுதிகளில் மாநில சர்க்கார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. தேவைப்பட்டால் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் அவர்கள் உயிரையும் உடைமையையும் காக்க ஆயுத லைசென்ஸ் கொடுக்கலாம் என்பது அதில் ஓர் அம்சம். "சட்டமே கொடுக்கச் சொல்லும் போது நாம் ஏன் கேட்கக் கூடாது?" என்கிறார்கள்.

கேட்கிற உரிமையை நாம் மறுக்கவில்லை. பண்ணையாருக்கு உள்ள லைசென்ஸ் பண்ணையாளுக்கு மட்டும் இல்லை என்று சொல்ல எவனுக்கும் அதிகாரம் இல்லை. மனுக் கொடுத்து, கலெக்டர் மறுத்தால், மறுத்த காரணத்தை எழுதிக் கொடு என்று கேட்பதும் நியாயமே. ஆனால், அதே விதியில் அதற்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

முதலாவது, அத்தகைய பகுதிகளை அடையாளம் காண வேண்டும். இரண்டாவது, போலீஸ் சூப்பிரண்டும் அதிகாரிகளும் அங்கே போய்ச் சட்டம் ஒழுங்கு நிலையைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, தேவைப்பட்டால் அங்கே தாழ்த்தப்பட்டவர் அல்லாதாரின் ஆயுத லைசென்சை, அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்களின் லைசென்சையும் சேர்த்து, ரத்து செய்து, துப்பாக்கிகளைச் சர்க்கார் ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். நான்காவது, கள்ளத் துப்பாக்கிகளையெல்லாம் பறிமுதல் செய்து, அவற்றைச் செய்கிற பட்டறைகளைத் தடுக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பிறகுதான், ஐந்தாவதாக, லைசென்ஸ் கொடுப்பது வருகிறது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு போடுகிறார்கள். ஓட்டுப் போடுகிற நாளில் ஆபத்தான துப்பாக்கி, கூலி கேட்கிற நாளில் ஆபத்து இல்லையா? தேர் இழுக்கப் போகிற நாளில் ஆபத்து இல்லையா? தேர்தலுக்காக வாங்கி வைக்கத் தெரிந்த சர்க்காருக்கு, மூன்றாவது விதியை வைத்துக் கொண்டு வாங்கி வைக்கத் தெரியாதா? அவன் கையில் இருப்பதை வாங்கு என்று கேட்பதுதான் முதல் கோரிக்கை. என் கையிலும் ஒன்று கொடு என்பது, முதல் கோரிக்கை தோற்ற இடத்தில் பேச வேண்டிய பேச்சு. வரிசையை மாற்றினால், கிராமம் கிராமமாகத் துப்பாக்கி பெருகும்; நீ ஒன்று வாங்குவதற்குள் பணம் படைத்தவன் சட்டம் அனுமதிக்கிற இரண்டையும் வாங்கி வைத்திருப்பான். பணத்தால் நடக்கிற போட்டியில் பணமில்லாதவன் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

நம்முடைய கவசம் எது?

அப்படியானால் வெறுங்கையோடு சாவதா? இல்லை.

கீழத்தஞ்சையில் சவுக்கடியும் சாணிப்பாலும் எப்படி ஒழிந்தன? பண்ணையாட்கள் கையில் துப்பாக்கி இருக்கவில்லை. தோழர் பி. சீனிவாச ராவ் சேரி சேரியாக நடந்தார். ஒருவனை அடித்தால் ஊரே வேலைக்கு இறங்காது என்ற நிலைமையைச் சங்கம் உண்டாக்கிற்று. 1944இல் மன்னார்குடியில் மிராசுதார்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் பேச வேண்டியதாயிற்று. அறுவடை நாளில் வயலில் ஆள் இறங்காவிட்டால், மிராசுதாரின் துப்பாக்கி நெல் அறுக்குமா?

நமது ஜில்லாவிலேயே உதாரணம் இருக்கிறது. 2018 மே 28 இரவு கச்சநத்தத்தில் புகுந்த கும்பல் மூன்று தலித்துகளைக் கொன்றது. நான்கு வருஷம் அந்த ஊர் ஜனங்கள், குறிப்பாகப் பெண்கள், பயமுறுத்தலுக்கு அஞ்சாமல் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றார்கள். 2022 ஆகஸ்டில் சிவகங்கைத் தனிக் கோர்ட்டு 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. வெண்மணியில் தப்பிய நியாயத்தைக் கச்சநத்தத்தில் பிடித்து நிறுத்தியது எது? கலையாத சாட்சிகள், கூட நின்ற ஜனநாயக சக்திகள், விடாத வழக்கு.

ஆகவே ஒவ்வொரு தோழரும் துப்பாக்கியின் குழல் நீளத்தைத் தெரிந்து கொள்வதற்கு முன்னால், சில விஷயங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். வன்கொடுமைப் புகாரை விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி. அறுபது நாளுக்குள் விசாரணையை முடித்துக் குற்றப் பத்திரிகை போட வேண்டும். கலெக்டரும் எஸ்.பி.யும் சம்பவ இடத்துக்கு நேரில் வர வேண்டும். சட்டத்தின் 18ஆம் பிரிவு முன்ஜாமீனை அடைக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கேட்க 15-அ பிரிவு உரிமை தருகிறது. இந்த ஐந்தையும் தெரிந்த நான்கு பேர் ஓர் ஊரில் இருந்தால், போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்காமல் திருப்பி அனுப்புவது சுலபமாக இராது.

ராத்திரி ஷிப்டு விட்டு வருகிறவர்கள் தனித்தனியாகப் போக வேண்டாம். நான்கு வண்டி சேர்ந்து போகட்டும். ஒருவன் வீடு சேர்ந்ததும் மற்றவனுக்குப் போன் செய்யட்டும். ஷிப்டு முடிகிற நேரத்துக்குப் பஸ் விடு என்று ஆலைச் சங்கம் கேட்கட்டும். விளக்கில்லாத கண்மாய்க் கரைக்கு விளக்குப் போடு என்று ஊராட்சி சபையில் தீர்மானம் வரட்டும். இவை சின்ன விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் அரிவாள் இருட்டில்தான் வருகிறது. தனி ஆளைத் தேடித்தான் வருகிறது. வெளிச்சமும் கூட்டமும் உள்ள இடத்தில் அதற்கு வேலை குறைவு.

அரிவாள் பிடித்த கைக்கும் ஒரு வார்த்தை

ஒரு வார்த்தை மற்ற ஜாதி உழைப்பாளித் தோழர்களுக்கும் சொல்ல வேண்டும். அரிவாளை எடுத்துக் கொண்டு முன்னால் ஓடுகிறவன் பங்களாக்காரன் அல்ல. அவன் பெரும்பாலும் அரை ஏக்கர் மானாவாரிக்காரன்; அல்லது கூலிக்காரன்; அல்லது வேலை கிடைக்காத வாலிபன். அவன் வீட்டுக் கூலியும் அதே 336 ரூபாய்தான். 2020 மார்ச்சில் காளையார்கோவில் காளீஸ்வரர் மில்லில் மிஷின்கள் நின்ற போது, எந்த ஜாதித் தொழிலாளிக்கு மட்டும் சம்பளம் ஓடிற்று? மிஷின் நின்றது எல்லோருக்கும் சேர்த்துத்தான். கண்மாயில் தண்ணீர் வராவிட்டால் எல்லார் வயலும் வெடிக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையை வெட்டியதால் உன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வேலை கிடைத்ததா? கிடைத்தது வழக்கும், வாய்தாவும், வக்கீல் பீசும், பாழான வாலிபமும். உன்னைத் தூண்டி விட்டவன் உன் குடும்பத்துக்கு அரிசி போடுவானா?

வெட்டுப்பட்ட கையும் வெட்டிய கையும் ஒரே கண்மாய்த் தண்ணீரை நம்பி உழைக்கிற கைகள். இதை ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது நமது சங்கங்களின் கடமை. சொல்லக் கூச்சப்படுகிற சங்கம் கூலி உயர்வும் வாங்க முடியாது.

நமது கோரிக்கைகள்

சிவகங்கை ஜில்லாவில் எத்தனை துப்பாக்கி லைசென்ஸ்கள் அமலில் இருக்கின்றன, எந்தக் காரணத்துக்காகக் கொடுக்கப்பட்டன என்ற கணக்கைக் கலெக்டர் வெளியிட வேண்டும்.

வன்கொடுமை நடந்த ஊர்களில் 1995 விதிகளின் மூன்றாவது விதியை அமல் நடத்தி, ஆதிக்கக்காரர்களின் லைசென்சை ரத்து செய்து துப்பாக்கிகளைக் கிடங்கில் சேர்க்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளையும் அவற்றைச் செய்கிற பட்டறைகளையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

மேலப்பிடாவூர் வழக்கைத் தாமதமின்றி நடத்தி, சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் தர வேண்டும். பாதிக்கப்பட்ட மாணவரின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் வேலைக்கும் சர்க்கார் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும்.

புதுவயல், காரைக்குடி, காளையார்கோவில் சுற்று வட்டாரத்தில் ராத்திரி பஸ்ஸும், ரோட்டு விளக்கும், போலீஸ் ரோந்தும் வேண்டும்.

ஆலைத் தோழர்களே, வயல் தோழர்களே! புல்லட்டில் போவது உங்கள் உரிமை. உங்கள் உழைப்பில் வாங்கிய வண்டியில், உங்கள் வரிப்பணத்தில் போட்ட ரோட்டில், நிமிர்ந்து உட்கார்ந்து போவதற்கு எவனுடைய அனுமதியும் வேண்டாம். அந்த உரிமையைக் காக்க இடுப்பில் ஒரு லட்சம் ரூபாய்த் துப்பாக்கி எதற்கு? உங்களில் ஒருவரை வழிமறித்தால் மறுநாள் காலையில் பத்து ஊர் வேலை நிற்கும், ஆயிரம் பேர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பார்கள் என்ற நிலைமையை உண்டாக்குங்கள். அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. சங்கத்தில் சேர்ந்து சந்தா கட்டினால் போதும்.